தொலைமருத்துவ விளம்பரமும் நோயாளியின் அந்தரங்கமும்

திருக்குறளில் 'மருந்து' அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கிறது. நோயுற்றவன், அதைத் தீர்ப்பவன், மருந்து, பக்கத்திலிருந்து அதைக் கொடுப்பவன் என்று நான்கு. வள்ளுவர் கணக்கு அத்தோடு சரி. ஆனால் இன்றைக்கு ஒருவர் ஊரிகத்தில் உட்கார்ந்தபடி கைப்பேசியில் பெங்களூர் டாக்டரிடம் உடம்பைக் காட்டிக்கொள்கிறார் என்றால், அங்கே ஐந்தாவதாக ஓர் ஆள் நிற்கிறார். அவர் நோயாளிக்கு உறவில்லை, டாக்டருக்குச் சிப்பந்தியும் இல்லை, மருந்து விற்பவரும் அல்லர். இந்த நோயாளி எந்த விளம்பரத்தைப் பார்த்து வந்தார் என்று கணக்குப் பார்ப்பவர். கண்ணுக்குத் தெரியாத இந்த ஐந்தாம் ஆளைப் பற்றியதே இக்கட்டுரை.

நான் டாக்டர் அல்லன், கம்ப்யூட்டர் படித்தவனும் அல்லன். ராபர்ட்சன்பேட்டையில் நாற்பது வருஷம் பாத்திரக்கடை நடத்தியவன். ஆனால் விளம்பரத்துக்குப் போட்ட காசு திரும்பி வந்ததா என்று பார்ப்பது எப்படி என்பதை ஒரு வியாபாரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மிச்சத்தைச் சட்டங்களைப் படித்தும், என் தங்கை மகனைக் கேட்டும் தெரிந்துகொண்டேன். அவன் பெங்களூரில் ஒரு விளம்பரக் கம்பெனியில் இதே வேலையைத்தான் செய்கிறான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தொலைமருத்துவம் நமக்கு ஆடம்பரம் அல்ல. பாரத் தங்கச் சுரங்கக் கம்பெனி 2001 பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டது. சுரங்கம் ஓடிய காலத்தில் சாம்பியன் ரீப்பிலிருந்த மைன்ஸ் ஆஸ்பத்திரியை நம்பித்தான் லைன் வீடுகள் இருந்தன. பிரசவமானாலும் சரி, கை கால் முறிந்தாலும் சரி, அங்கேதான். சுரங்கத்தோடு அதுவும் ஒடுங்கியது. இப்போது பெரிய வியாதி என்றால் கோலார் தமக்காவிலுள்ள ஜாலப்பா ஆஸ்பத்திரி, இல்லாவிட்டால் ரயிலேறிப் பெங்களூர். டாக்டர் ஐந்து நிமிஷம் பேசுவார். போகவர ஒரு நாள் கூலி போச்சு. அந்த ஐந்து நிமிஷத்தைக் கைப்பேசியிலேயே முடித்துக்கொள்ள வழி உண்டு என்று ஒரு கூலிக்காரருக்குத் தெரிய வேண்டுமானால், யாராவது அதை விளம்பரப்படுத்தித்தான் ஆக வேண்டும். எனவே விளம்பரமே கூடாது என்கிற கட்சி என்னுடையதல்ல.

தொலைமருத்துவம் தொடங்கிய காலத்தில் ஐந்தாம் ஆள் கிடையாது. நமக்கு அடுத்த சித்தூர் மாவட்டத்தில் அரகொண்டா என்ற கிராமத்தை 2000-ஆம் ஆண்டு அப்பல்லோ ஆஸ்பத்திரிக்காரர்கள் சென்னையோடு இணைத்தார்கள். அந்த மார்ச்சில் இந்தியா வந்திருந்த அமெரிக்க ஜனாதிபதி கிளின்டன் ஹைதராபாத்திலிருந்து அதைத் தொடங்கி வைத்தார். 2002-இல் இஸ்ரோவின் செயற்கைக்கோள் வழியாகச் சாமராஜநகர் மாவட்ட ஆஸ்பத்திரி பெங்களூர் நாராயண ஹிருதயாலயாவோடு இணைந்தது. இந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, அந்தப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரி, நடுவே ஆகாயம். ஆள் பிடிக்க வேண்டிய அவசியமே இல்லை. 2020 ஏப்ரலில் வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்க மத்திய அரசு இ-சஞ்ஜீவனி வெளிநோயாளர் சேவையைத் திறந்தது. 2023 பிப்ரவரிக்குள் இ-சஞ்ஜீவனி மொத்தம் 10 கோடி ஆலோசனைகளைத் தாண்டியது. அதுவும் இலவசம்; ஆள் பிடிக்கத் தேவையில்லை. ஆள் பிடிக்க வேண்டியவர்கள் தனியார் கம்பெனிகள். அவர்கள் வருமானமே புது நோயாளி வருவதில் இருக்கிறது. ஐந்தாம் ஆள் உள்ளே நுழைந்த வாசல் அதுதான்.

கலர் நோட்டீஸ் கணக்கு

தீபாவளிக்கு என் கடையில் துண்டு நோட்டீஸ் அடிப்போம். மாரிக்குப்பத்துக்கு ரோஸ், சாம்பியன் ரீப்புக்கு மஞ்சள், கோரமண்டலுக்குப் பச்சை. நோட்டீஸைக் கொண்டுவந்தால் ஒரு டம்ளர் இனாம். வந்த நோட்டீஸைக் கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் போட்டு, ராத்திரி கவிழ்த்து எண்ணுவோம். ஆயிரம் பச்சை கொடுத்து பன்னிரண்டு திரும்பினால், அடுத்த வருஷம் கோரமண்டலுக்கு ஆள் அனுப்புவதில் லாபமில்லை என்று தெரிந்துவிடும். விளம்பரத்தைப் பார்த்தவர் வாடிக்கையாளராக மாறினாரா என்று பார்க்கும் இந்தக் கணக்குக்குத்தான் இன்றைக்குக் 'கன்வர்ஷன் டிராக்கிங்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். சரக்கு பழசு, பெயர்தான் புதிது.

என் டப்பாவைக் கவனியுங்கள். எந்தக் கலர் எத்தனை என்பது அதில் இருக்கிறது. யார் கொண்டுவந்தார், என்ன வாங்கினார் என்பது அதில் இல்லை. எனக்கு அது தேவைப்படவும் இல்லை. எத்தனை பேர் வந்தார்கள் என்பது ஒரு கேள்வி; யார் வந்தார் என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கு விடை கிடைத்தால் வியாபாரம் நடக்கும். இன்றைய விளம்பரக் கம்பெனிகள் முதல் கேள்விக்கு விடை சொல்வதாகச் சொல்லி, இரண்டாவது கேள்வியின் விடையையும் சேர்த்து எடுத்துக்கொள்கின்றன. சிக்கல் முழுவதும் இந்த இடத்தில்தான்.

இதை என் தங்கை மகனிடம் சொன்னேன். அவன் சிரித்துவிட்டு, "மாமா, உங்க டப்பாவிலே கலர் மட்டும்தான் இருக்கு. எங்க டப்பாவிலே ஆளே இருக்கார்" என்றான்.

எப்படி என்று அவன் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு தொலைமருத்துவக் கம்பெனியின் இணையப் பக்கத்தை நீங்கள் திறக்கிறீர்கள். எழுத்தும் படமும் அந்தக் கம்பெனியிடமிருந்து வருகின்றன. ஆனால் பக்கத்தின் ஒரு மூலையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி வைத்திருப்பார்கள். பிக்சல் என்பார்கள். முன்பு அது நிஜமாகவே ஒரே ஒரு புள்ளியளவு படம்; இப்போது பெரும்பாலும் ஒரு சிறு கட்டளைத் தொகுப்பு. அந்தப் புள்ளி வருவது மருத்துவக் கம்பெனியிடமிருந்து அல்ல, பேஸ்புக், கூகுள் போன்ற விளம்பரக் கம்பெனியின் கம்ப்யூட்டரிலிருந்து. உங்கள் கைப்பேசி அந்தப் புள்ளியைக் கேட்கப் போகும்போது, எந்தப் பக்கத்துக்காகக் கேட்கிறது என்ற விலாசத்தையும் சொல்லிவிட்டுத்தான் கேட்கும். அந்த விலாசத்தில் 'மனநலம்' என்றோ 'குழந்தையின்மை' என்றோ 'காசநோய்' என்றோ இருந்தால், செய்தி போய்ச் சேர்ந்தாயிற்று. கூடவே, இந்தக் கைப்பேசி யாருடையது என்று அடையாளம் காட்டும் குக்கி என்கிற சீட்டும் பல சமயம் போகிறது. விளம்பரத்தைத் தொட்டு வந்தவரானால், அந்தத் தொடுதலுக்கென்று தனி எண் ஒன்றும் விலாசத்தின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ரோஸ் நோட்டீஸுக்கும் தனித்தனி நம்பர் அடித்து, எந்த நம்பரை எந்த வீட்டில் கொடுத்தேன் என்று ஒரு பேரேடும் வைத்திருந்தால் எப்படி இருக்கும்? அதேதான்.

அடுத்த படி இன்னும் ஒரு மாற்று மோசம். நோயாளிகளின் கைப்பேசி எண்களைப் பட்டியலாகவே விளம்பரக் கம்பெனியிடம் ஏற்றிவிடுவது. 'இவர்கள் ஏற்கெனவே எங்களிடம் வந்தவர்கள், இவர்களைப் போன்ற வேறு ஆட்களைத் தேடிக்கொடுங்கள்' என்பார்கள். கேட்டால், எண்ணை நாங்கள் அப்படியே கொடுப்பதில்லை, ஹாஷ் செய்துதான் கொடுக்கிறோம் என்று பதில் வரும். ஹாஷ் என்பது எண்ணை அரைத்து மாவாக்குவது போல. மாவை மறுபடி அரிசியாக்க முடியாது, உண்மைதான். ஆனால் ஒரே அரிசியை எத்தனை தடவை அரைத்தாலும் அச்சு மாறாமல் ஒரே மாவுதான் வரும். நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் பத்து இலக்கம். 6, 7, 8, 9 என்ற நான்கில் ஒன்றில் தொடங்கும். ஆக மொத்தம் 400 கோடி எண்களுக்கு மேல் சாத்தியமே இல்லை. இத்தனையையும் அரைத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது இன்றைய கம்ப்யூட்டருக்குப் பெரிய வேலை அல்ல. அதுகூட வேண்டாம், விளம்பரக் கம்பெனியிடம் உங்கள் எண் ஏற்கெனவே இருக்கிறது, அதையும் அரைத்து இரண்டு மாவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். பொருந்த வேண்டும் என்பதற்காகத்தானே பட்டியலே கொடுக்கிறார்கள்! ஹாஷ் செய்தாலும் அது ஆளைக் காட்டும் தகவல்தான் என்று அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 2024 ஜூலையில் திரும்பவும் எழுதியது.

ஒரு வீட்டில் நடப்பது

இதனால் என்ன கெட்டுவிடும், விளம்பரம்தானே என்று கேட்பவர் உண்டு. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்படியே எழுதினால் ஆள் தெரிந்துவிடும் என்பதால் சிலவற்றை மாற்றியிருக்கிறேன். வீட்டுக்கு ஒரே பெரிய கைப்பேசி. பகலில் மருமகள் கையில், சாயங்காலம் மாமியார் பக்திப் பாட்டுக் கேட்க. கல்யாணமாகி மூன்று வருஷம் குழந்தையில்லை. மருமகள் யாருக்கும் சொல்லாமல் ஒரு தொலைமருத்துவப் பக்கத்தில் டாக்டரிடம் பேசினாள். மறுநாளிலிருந்து மாமியார் பாட்டுக்கு நடுவே கருத்தரிப்பு ஆஸ்பத்திரி விளம்பரம் வரிசையாக வரத் தொடங்கியது. டாக்டர் வாயைத் திறக்கவில்லை. மருமகளும் திறக்கவில்லை. சேதி வீட்டுக்கு வந்துவிட்டது. அந்தக் கம்பெனி எது என்பது இங்கே முக்கியமல்ல. பிக்சல் வைத்த எந்தப் பக்கத்திலும் இது நடக்கக்கூடியதே.

உடம்புச் செய்தி வெளியே போனால் என்னாகும் என்று தங்கவயல்காரருக்குப் பாடம் நடத்த வேண்டாம். பாறைத்தூசியால் நுரையீரல் இறுகும் சிலிகோசிஸ் நோய் இந்தியாவில் முதலில் ஆராயப்பட்ட இடங்களில் நம் சுரங்கமும் ஒன்று. 1940களிலேயே இது நடந்தது. மார்பு எக்ஸ்ரே படத்தில் நிழல் விழுந்தவனுக்குக் கீழே இறங்கும் வேலை போகும், நஷ்டஈட்டுப் பேச்சு தொடங்கும். அந்தப் படத்தை யார் பார்த்தார்கள் என்பதில் ஒரு வீட்டின் அரிசி இருந்தது. இன்று அரிசி மட்டுமல்ல, பெண்ணின் சம்பந்தம், பையனின் வேலை, இன்சூரன்ஸ் எல்லாம் அதில் இருக்கின்றன. லைன் வீடுகளில் இரண்டு குடும்பத்துக்கு ஒரே சுவர். இருமினால் அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அப்படிப்பட்ட இடத்தில் ரகசியமாக டாக்டரிடம் பேச முடியும் என்பதுதான் தொலைமருத்துவத்தின் பெரிய உபகாரமே. அதையே ஓட்டை போட்டுவிட்டால் மிச்சமென்ன?

அமெரிக்காவில் இது வழக்காகவே வந்துவிட்டது. 2022 டிசம்பரில் தி மார்க்அப், ஸ்டாட் என்னும் இரண்டு செய்தி நிறுவனங்கள் சேர்ந்து 50 தொலைமருத்துவத் தளங்களைச் சோதித்தன. அவற்றில் 49 தளங்கள் பெரிய கம்பெனிகளுக்குத் தகவல் அனுப்பிக்கொண்டிருந்தன. 13 தளங்களில் நோயாளி நிரப்பிய மருத்துவக் கேள்வித்தாளின் பதில்களே போயின. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் குட்ஆர்எக்ஸ் என்ற கம்பெனிக்கு 15 லட்சம் டாலர் அபராதம். மார்ச்சில் மனநல ஆலோசனை தரும் பெட்டர்ஹெல்ப் 78 லட்சம் டாலர் கொடுக்க வேண்டி வந்தது. அதே மாதம் செரிப்ரல் என்ற மற்றொரு மனநலக் கம்பெனி, தன் பக்கங்களிலிருந்த பிக்சல்கள் வழியாக 31 லட்சம் பேருடைய தகவல் வெளியே போயிற்று என்று தானே எழுதிக்கொடுத்தது. இவற்றில் எதிலும் திருடன் பூட்டை உடைத்து உள்ளே வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விளம்பரப் பலனை அளக்கக் கம்பெனியே கதவைத் திறந்து வைத்தது. ஒரு மனநலக் கேள்வித்தாளில் 'இதற்கு முன் சிகிச்சை எடுத்ததுண்டா' என்று கேட்டு, அதற்கு ஒருத்தி 'ஆம்' என்று தொட்டது ஒரு விளம்பரக் கம்பெனியின் கணக்கில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

நம் நாட்டுச் சட்டம் எவ்வளவு தூரம் வரும்

டாக்டர்களின் நடத்தை பற்றிய இந்திய மருத்துவக் கவுன்சில் விதிகள் 2002-இல் வந்தன. நோயாளியை நேராகவோ சுற்றியோ அழைத்து இழுப்பது அதில் குற்றம். மருத்துவமனை திறந்தேன், விலாசம் மாறினேன், விடுமுறை முடிந்து வந்தேன், என் கட்டணம் இவ்வளவு என்பது போன்ற சில அறிவிப்புகளுக்கு மட்டும் அனுமதி. 2023 ஆகஸ்டில் புது விதிகள் வந்து, அதே மாதம் நிறுத்தி வைக்கப்பட்டன. மறுபடி 2002 விதிகளே. 2020 மார்ச் 25-ஆம் தேதி வெளியான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகளும் இதையே சொல்கின்றன: விளம்பரத்தாலோ ஆசைகாட்டியோ தொலைமருத்துவத்துக்கு நோயாளியை இழுக்கக் கூடாது. ஆனால் கவுன்சிலின் பிடி பதிவுபெற்ற டாக்டரின் மேல்தான். டாக்டரை வேலைக்கு வைத்திருக்கும் கம்பெனி ஊரெங்கும் விளம்பரம் செய்கிறது. அதே நெறிகளில் இன்னொரு வாசகமும் உண்டு: தொழில்நுட்பக் கோளாறாலோ வேறு ஆளாலோ நோயாளியின் ரகசியம் வெளியே போனதற்குத் தக்க ஆதாரம் இருந்தால், டாக்டர் பொறுப்பல்ல. நியாயந்தான். அப்படியானால் பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்கு வேறு சட்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

(பஸ் ஸ்டாண்டுச் சுவரில் ஒட்டும் 'வாலிப வயோதிக அன்பர்களே' வகை விளம்பரங்களுக்கு எதிராக 1954-இலேயே ஒரு சட்டம் உண்டு. சட்டம் இருக்கிறது, சுவரொட்டியும் இருக்கிறது. அது வேறு கதை.)

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24-இல் தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுத்தவர் நம் கர்நாடக உயர்நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ். புட்டசாமி. அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள் அறிவிப்பிலிருந்து 18 மாதம் கழித்து அமலாகும்படி வைத்திருக்கிறார்கள்.

இந்தச் சட்டத்தில் நம் விஷயத்துக்கென்றே ஓர் உதாரணம் எழுதி வைத்திருப்பதைப் பார்த்து வியந்தேன். சம்மதம் பற்றிய ஆறாம் பிரிவில் அது இருக்கிறது. ஒரு பெண் தொலைமருத்துவச் செயலி ஒன்றைக் கைப்பேசியில் ஏற்றுகிறாள். செயலி இரண்டு சம்மதம் கேட்கிறது: மருத்துவத்துக்காக அவள் தகவலைப் பயன்படுத்த ஒன்று, அவள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களைப் பார்க்க ஒன்று. அவள் இரண்டுக்கும் சரி என்கிறாள். சட்டம் என்ன சொல்கிறது? மருத்துவம் செய்யத் தொடர்பு எண்கள் தேவையில்லை. ஆகவே அவள் சம்மதம் மருத்துவத்துக்கு மட்டுமே செல்லும். 'சரி' என்று தொட்டுவிட்டாளே என்ற வாதம் எடுபடாது.

இந்த அளவுகோலை விளம்பரக் கணக்குக்கும் வைத்துப் பாருங்கள். வயிற்றுவலிக்கு மருந்து சொல்ல, அவள் எந்த விளம்பரத்தைத் தொட்டு வந்தாள் என்பது தேவையா? இல்லை. ஆகவே வைத்தியத்துக்குக் கொடுத்த சம்மதத்துக்குள் விளம்பரத்தை நுழைக்க முடியாது என்றே நான் வாசிக்கிறேன். வேண்டுமானால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும். இல்லை என்று சொன்னவருக்கும் டாக்டரைக் காட்டியாக வேண்டும். கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறுவது, கொடுத்தது போலவே சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆங்கிலத்திலோ எட்டாம் அட்டவணையிலுள்ள 22 மொழிகளில் ஒன்றிலோ படித்துப் பார்க்கும் வசதியும் தர வேண்டும். தங்கவயலில் கடை போடுகிறவருக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு, உருது நான்கும் வேண்டியிருக்கும். விளம்பர வேலையை வேறு கம்பெனிக்கு விட்டிருந்தாலும் பொறுப்பு நோயாளியிடம் தகவல் வாங்கியவருக்கே. தகுந்த பாதுகாப்புச் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம். 18 வயதுக்கு உட்பட்டவரைப் பின்தொடர்ந்து கண்காணிப்பதும், அவரைக் குறிவைத்து விளம்பரம் செய்வதும் தடை.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். 2011-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நிலை, மனநிலை, மருத்துவப் பதிவு ஆகியவற்றை நுண்ணிய தகவல் என்று தனியாக வகைப்படுத்தின. 2023 சட்டம் அந்தப் பிரிவினையை விட்டுவிட்டது. செருப்பு வாங்கிய தகவலும் காசநோய்த் தகவலும் இப்போது ஒரே தராசுத் தட்டில். எனக்கு இது பிடிக்கவில்லை.

பெயரில்லாமல் எண்ணுவது

இனி, ஒரு சிறிய தொலைமருத்துவ நிலையம் தன் விளம்பரப் பலனை எப்படித்தான் அளக்கும்? வழி இருக்கிறது, விலையும் அதிகமில்லை.

விளம்பரத்தை ஆள் பார்த்துப் போடாமல் இடம் பார்த்துப் போடலாம். முழங்கால் வலிக் கட்டுரைக்குப் பக்கத்தில் எலும்பு டாக்டர் விளம்பரம் வந்தால், அதைப் படிப்பவர் யார் என்று யாரும் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பத்திரிகைக்காரர்கள் காலங்காலமாகச் செய்வது இதுவே. பிறகு, ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனி தொலைபேசி எண் அல்லது தனி க்யூஆர் கட்டம் கொடுக்கலாம். ரயில் நிலையச் சுவரொட்டிக்கு ஒன்று, ரேடியோவுக்கு ஒன்று, மருந்துக்கடை அட்டைக்கு ஒன்று. அந்தச் சுவரொட்டியைப் பார்க்கும் அத்தனை பேருக்கும் ஒரே கட்டம் இருக்க வேண்டும். ஆளுக்கொரு கட்டம் என்றால் பழைய கதைக்குத் திரும்பிவிடுவோம். இது என் கலர் நோட்டீஸ்தான், வேறென்ன? அல்லது ஒரு மாதம் பங்காருபேட்டையில் விளம்பரம் செய்து மாலூரில் செய்யாமல் விட்டு, இரண்டு ஊரிலிருந்தும் வந்த மொத்தத்தை முந்திய மாதத்தோடு ஒப்பிடலாம். நோயாளியையே 'எங்களைப் பற்றி எப்படித் தெரியும்' என்று கேட்பதும் உண்டு. சொன்னால் குறித்துக்கொள்ளலாம், சொல்லாவிட்டால் விட்டுவிடலாம்.

இணையத்தில் விளம்பரம் செய்தே ஆக வேண்டும் என்றால், வாசலுக்கு வெளியே, வாசலுக்கு உள்ளே என்று பிரித்துக்கொள்ள வேண்டும். விளம்பரத்தைத் தொட்டதும் வரும் முதல் பக்கம் பெயர்ப்பலகை போன்றது. அங்கே எத்தனை பேர் வந்தார்கள் என்று நிலையமே எண்ணலாம். டாக்டரைத் தேர்ந்தெடுக்கும் பக்கம், கேள்வித்தாள், நேரம் குறிக்கும் பக்கம், பணம் கட்டும் பக்கம் இவையெல்லாம் வாசலுக்கு உள்ளே. அங்கே வெளியார் புள்ளி ஒன்றுகூட இருக்கக் கூடாது. பக்கத்தின் விலாசத்தில் வியாதியின் பெயரோ துறையின் பெயரோ வரக் கூடாது. விளம்பரக் கம்பெனிக்குப் போக வேண்டிய செய்தி, 'இந்த வாரம் இரண்டாம் விளம்பரத்தால் நாற்பது பேர்' என்ற மொத்தக் கணக்கு மட்டும்.

இது நடக்காத காரியமல்ல என்பதற்கு ஆப்பிள் கம்பெனி 2021-இல் தன் சபாரி உலாவியில் வைத்த முறையைப் பார்க்கலாம். ஒரு தளம் தன் விளம்பரங்களை 256 வகையாக மட்டுமே பிரித்துக் காட்டலாம். அதனால் ஆளுக்கொரு நம்பர் ஒட்ட முடியாது. வந்தவர் என்ன செய்தார் என்பதற்கு 16 குறிகளுக்கு மேல் இல்லை. செய்தியும் உடனே போகாது. 24 மணியிலிருந்து 48 மணி நேரம் வரை தாமதித்துத்தான் போகும், எந்த நொடியில் யார் வந்தார் என்று ஒட்டுப்போட முடியாதபடி. சுருக்கமாகச் சொன்னால் 256 கலர் நோட்டீஸ். கூகுள் 2020-இல் தன் குரோம் உலாவியில் வெளியார் குக்கிகளை நிறுத்தப்போவதாக அறிவித்து, 2024-இல் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. ஆகவே பெரிய கம்பெனிகள் நமக்காகக் கதவைச் சாத்துவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். ஆனால் கூகுள், மெட்டா இரண்டுமே உடல்நலத்தை வைத்து ஆள் குறிவைக்கும் விளம்பரத்துக்குத் தங்கள் விதிகளில் கட்டுப்பாடு வைத்திருக்கின்றன. மெட்டா 2022 ஜனவரியில் உடல்நலம் சம்பந்தமான குறிவைப்புத் தலைப்புகளை நீக்கியது. விதியை எழுதியவர்களே பிக்சலையும் கொடுக்கிறார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக ஒரு நுட்பம். இதை விளம்பரக்காரர்கள் பேசுவதில்லை. சின்ன ஊரில் வாழ்கிறவனுக்குத்தான் இது தோன்றும். பெயரே இல்லாத கணக்கும் ஆளைக் காட்டிக்கொடுக்கும், எண்ணிக்கை சிறுத்தால். கோரமண்டலில் ஒரே ஒரு லைனில் பச்சை நோட்டீஸ் கொடுத்து, காசநோய் ஆலோசனைக்கு ஒரே ஒரு பச்சை திரும்பி வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'பச்சை: ஒன்று' என்ற கணக்கைப் பார்க்கும் யாருக்கும் அந்த ஒருவர் யாரென்று ஊகிக்க அரைமணி போதும். ஆகவே குறைந்த எண்ணிக்கையை எழுதவே கூடாது. அமெரிக்க அரசின் மெடிகேர் துறை தன் புள்ளிவிவரங்களில் 11-க்குக் குறைந்த எண்ணிக்கையை வெளியிடுவதில்லை. நம் நிலையமும் '10 அல்லது அதற்குக் குறைவு' என்று எழுதி நிறுத்திக்கொள்ளலாம். இடத்தையும் வியாதியையும் ஒரே கணக்கில் சேர்க்காமலிருப்பது இன்னும் நல்லது. மாரிக்குப்பத்திலிருந்து எத்தனை என்று ஒரு கணக்கு, தோல் வியாதிக்கு எத்தனை என்று வேறொரு கணக்கு. மாரிக்குப்பத்தில் தோல் வியாதிக்கு எத்தனை என்ற கணக்கு வேண்டாம்.

என் தங்கை மகன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, "இப்படிச் செஞ்சா எந்த விளம்பரம் எந்த ஆளைக் கொண்டுவந்துச்சுன்னு துல்லியமா சொல்ல முடியாது மாமா, கணக்கு கொஞ்சம் முன்னே பின்னே வரும்" என்றான். வரட்டும். என் நோட்டீஸ் கணக்கும் முன்னே பின்னேதான் வந்தது. ரோஸ் நோட்டீஸை அக்கா வீட்டிலிருந்து வாங்கிவந்த சாம்பியன் ரீப்காரர்கள் எத்தனையோ பேர். அதை வைத்தே நாற்பது வருஷம் சரக்கு எடுத்தேன்.

ஏற்கெனவே ஒரு தொலைமருத்துவச் செயலியில் பதிந்திருக்கும் அன்பர்கள் இப்போதே செய்யக்கூடியது ஒன்று உண்டு. செயலியின் அமைப்புகளில் விளம்பரத்துக்கான சம்மதம் தனியாக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எடுத்துவிடலாம். தொடர்பு எண்கள், இருப்பிடம் இவற்றுக்கான அனுமதியைக் கைப்பேசியிலேயே நிறுத்தலாம். என் எண்ணை எந்த விளம்பரக் கம்பெனிக்காவது கொடுத்தீர்களா என்று அந்த நிறுவனத்தின் குறைதீர்க்கும் அலுவலருக்கு எழுதிக் கேட்கலாம். புதிய சட்டத்தின் கடமைகள் முழுவதும் அமலான பிறகும் முதலில் நிறுவனத்துக்குத்தான் எழுத வேண்டும். அங்கே தீரவில்லை என்றால் அதன் பிறகு தரவுப் பாதுகாப்பு வாரியம். எழுதிய கடிதத்தின் நகலையும் தேதியையும் வைத்திருங்கள். வாரியத்துக்குப் போகும்போது அது வேண்டியிருக்கும்.